அக்கா ஆடிட்டாளா?

என் கைப்பேசியின் கண்ணாடியில் வலது மூலையிலிருந்து ஒரு கீறல் ஓடுகிறது. உத்தமபாளையம் கோர்ட்டில் நான் டைப்பிஸ்ட். கூட வேலை பார்ப்பவர்கள் இதை எப்போதுதான் மாற்றப் போகிறாய் என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். இது விழுந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். அன்றுதான் ஒரு விளையாட்டில் அக்காவை ஜெயித்தேன்.

அக்கா கம்பம்மெட்டுக்கு அப்பால், மலையில், ஏலக்காய்த் தோட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அப்பா இறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வரச் சொன்னேன். அவள் மறுத்தாள். "அம்மாவ எந்தலையில கட்டிட்டு மலையில போயி ஒளிஞ்சுக்கிட்ட" என்று சொல்லிவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. மந்திரவாதிகளும் பூதங்களும் கோட்டைகளும் உள்ள, ஆளுக்கொரு முறையாக மாறி மாறி ஆடும் போர் ஆட்டம் அது. அவள் மலையில் ஆடினால் என் போனுக்கு வரும். நான் ஆடினால் அவளுக்குப் போகும். பேச டவர் இல்லாத இடத்திலும் அது எப்படியோ வந்துவிடும். அம்மாவுக்கு அந்த ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் அடுப்படியிலிருந்து கேட்பாள்: "ஏலே, அக்கா ஆடிட்டாளா?" ஆடிவிட்டாள் என்றால் மகள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் உலை வைப்பாள்.

அந்த ஆட்டத்தில் ஜெயிக்க மூன்று வழி. எதிரியின் கோட்டைகளை எல்லாம் பிடிக்கலாம். சண்டையே போடாமல் ஐந்து கோபுரங்களில் விளக்கேற்றி அணையாமல் காக்கலாம். இல்லையென்றால் இரண்டு பேரும் உடன்படிக்கை செய்து, அந்த விளக்குகளைச் சேர்ந்து காத்து, சேர்ந்தே ஜெயிக்கலாம். அக்காவிடமிருந்து வாரம் தவறாமல் உடன்படிக்கை வரும். நானும் தவறாமல் மறுப்பேன். சின்ன வயதில் தாயம் ஆடும்போது "வெட்ட மாட்டேன்டா, சமாதானம்" என்று சொல்லிவிட்டு அடுத்த உருட்டிலேயே என் காயை வெட்டியவள் அல்லவா? போதாக்குறைக்கு அவள் படை என் வடக்கு எல்லையில் குவிவது வேறு, எதிரியின் பக்கத்தை மறைக்கும் ஆட்டத்துப் பனிமூட்டத்தில் மங்கலாகத் தெரிந்தது. கோர்ட்டில் வாக்குமூலம் டைப் அடிக்கும்போதுகூட அந்தப் படைதான் கண்ணில் நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு அக்கா வந்திருந்தாள். எங்கள் ஊர் ராயப்பன்பட்டிக் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நிற்போம். சாமியார் ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கச் சொன்னதும் பக்கத்தில் இருப்பவருக்குக் கைகூப்புவோம். அக்கா நடுப்பாதையைத் தாண்டி என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். நான் திரும்பி, தினமும் பார்க்கிற டீக்கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டேன். அவ்வளவு வீம்பு எனக்கு.

திங்கட்கிழமை அவள் மலை ஏறினாள். அன்று ஆடியதுதான் கடைசி; நான் உடனே பதிலுக்கு ஆடி அனுப்பினேன். செவ்வாய் முழுக்க மழை, ஒன்றும் வரவில்லை. புதனும் வரவில்லை. கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது. கம்பத்தில் ஜீப் ஓட்டுபவர் ஒருவரை விசாரித்தேன். "மெட்டுக்கு அங்கிட்டு மண்ணு சரிஞ்சு கெடக்கு சார். கரண்டும் இல்ல, டவரும் இல்ல. போனவுக எல்லாம் அங்கனயே மாட்டிக்கிட்டாக" என்றார். அம்மாவிடம் டவர் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ஆறு மணி இருக்கும். போனில் முரசும் எக்காளமும் முழங்கின. மூன்று நாள் ஆடாதவர் தோற்றவர் என்று அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. நான் அதை மறந்தே போயிருந்தேன். எதிரி ஆடவில்லை, வெற்றி உங்களுக்கே என்று திரையில் எழுத்து மின்னியது. அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஆடிட்டாளா? சத்தம் கேட்டுச்சே!"

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "இல்லம்மா, நான் ஜெயிச்சுட்டேன்" என்று சொல்லும்போதே போன் கைதவறித் தரையில் விழுந்தது.

எடுத்துப் பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் பனிமூட்டம் விலகி எல்லாம் தெரியும். அக்காவின் படை என் எல்லையில்தான் நின்றது, ஆனால் எனக்கு முதுகு காட்டி. வடக்குக் குகைகளில் ஒரு பூதக்கூட்டம் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. உடன்படிக்கையை ஏற்றிருந்தால் அவள் பார்ப்பதெல்லாம் எனக்கும் தெரிந்திருக்கும். பூதங்கள் என் கோபுரங்களுக்கு வரும் கணவாயை அவள் வீரர்கள் மறித்து நின்றார்கள். பாதிப் பேர் காயத்தோடு. அவளுடைய சொந்தக் கோட்டையில் காவலுக்கு ஒருவன்கூட இல்லை. அம்மா பார்க்கிறாள் என்றும் பாராமல் அழுதேன்.

மறுநாள் மதியம் அக்கா தோட்டத்து ஆட்களோடு நடந்தே இறங்கி வந்துவிட்டாள். முழங்கால் வரை சேறு, செருப்பு கையில். "ஏலே, நான் தோத்துட்டேனா?" என்பதுதான் முதல் வார்த்தை. நான் கைகூப்பினேன். "கோயில்ல போடாத கும்பிடு வாசல்ல போடுறியாக்கும்" என்றாள்.

அக்கா இன்னும் மலையில்தான் இருக்கிறாள். நான் இறங்கி வரச் சொல்வதில்லை. இப்போது ஆடும் ஆட்டத்தில் சேர்ந்து ஜெயிக்கும் மூன்றாவது வழியை மட்டுமே வைத்திருக்கிறோம். மூன்று நாள் கெடுவையும் எடுத்துவிட்டேன். நேற்றிலிருந்து மலையில் மழை. கோயில் மணி அடித்துவிட்டது. அடுப்படியிலிருந்து அம்மா கேட்கிறாள். "இன்னும் இல்லம்மா" என்கிறேன், விரல் கண்ணாடிக் கீறலைத் தடவிக்கொண்டிருக்கிறது. எத்தனை நாள் ஆனாலும், அவள் ஆடாமல் இந்த ஆட்டத்தில் என்னால் ஜெயிக்க முடியாது.