பெரியப்பாவின் வலது காது

என் கல்யாணத்தைக் கெடுத்தது என் பெரியப்பா. இதை அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டுமென்றால், அவருக்கு இடப்பக்கமாக நின்றுதான் சொல்ல வேண்டும். அது ஏன் என்று எழுதுகிறேன்.

நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் சனங்களில், இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போனால் மட்டும் கல்யாணம் நடந்துவிடாது. குலதெய்வக் கோயிலில் எல்லோரும் உட்கார்ந்து, பல்லி சொல்வதற்குக் காத்திருக்க வேண்டும். பங்காளிகளில் மூத்தவர் சாமியைப் பார்த்து நடுவில் உட்காருவார். அவருக்கு வலப்பக்கம் பல்லி சொன்னால் கல்யாணம். இடப்பக்கம் சொன்னால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்களுக்கு அந்த மூத்தவர் பெரியப்பா.

எனக்கு மோகனூரிலிருந்து மாப்பிள்ளை வந்தார். அதிகம் பேசவில்லை. கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, சொம்பைத் தானே எடுத்துப்போய் உள்ளே வைத்தார். எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அன்று கோயிலில் வெகுநேரம் பல்லி வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அத்தை, "அதுக்கும் ஒரு வாய் காப்பித்தண்ணி குடுத்தாத்தான் பேசுமாட்டம் இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் பல்லி சொன்னது. வலப்பக்கம், மணி தொங்கும் உத்தரத்துக்கு மேலே. பக்கத்தில் இருந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பெரியப்பா கண்ணைத் திறந்தார். "ஒரட்டாங்கைப் பக்கம்" என்றார். இடது கைப் பக்கம்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏனுங்க மச்சான், எனக்குச் சோத்தாங்கைப் பக்கமாட்டக் கேட்டுச்சுங்களே?"

"அப்ப நாந்தான் பொய் சொல்றனுங்களா?"

"அய்யோ, அப்படிச் சொல்லுவனுங்களா? செவுத்துல பட்டுத் திரும்பியிருக்குமுங்க."

"எனக்கு மொதல்லயே ஒரட்டாங்கைப் பக்கந்தானுங்க கேட்டுச்சு" என்றார் அத்தை.

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். "ஆமாங்க, எனக்கும் அப்படித்தானுங்க" என்றாள் அம்மா. என் கையை அவள் இன்னும் விடவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவைத் தனியாகக் கேட்டேன். இடப்பக்கம்தான் என்று விளக்கைத் தொட்டுச் சத்தியம் பண்ணினாள். அவள் பொய் சொல்லவில்லை. பெரியவர் சொன்ன பிறகு அவளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. பயந்தவர்களுக்குக் காதும் பயந்துதான் கேட்கும் போலிருக்கிறது. என்னையும் நான் நம்பவில்லை. ஆசைப்பட்டதால்தான் எனக்கு வலப்பக்கம் கேட்டதோ என்று பல மாதம் குழம்பிக்கொண்டிருந்தேன். அதற்குள் மோகனூர்க்காரருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. பல்லி ஆகாதென்று சொன்ன பெண் என்று பேர் வந்ததும் எனக்கு வேறு யாரும் வரவில்லை.

பிறகு ஒரு நாள், கடலைக்காய் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று எங்கள் களத்துக்குள் வந்தது. பெரியப்பா வழியில் நின்றிருந்தார். வண்டி அவருக்கு வலப்பக்கம் வந்தது. வண்டிக்காரர் கத்தினார். பெரியப்பா இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, வண்டி இங்க வருது. அங்க யாரைத் தேடறீங்க?" என்று வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அன்று மத்தியானம் பெரியப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, அவருக்குப் பின்னால் வலப்பக்கமாக நின்று சொம்பைக் கரண்டியால் தட்டினேன். அவர் இடப்பக்கம் திரும்பினார். மறுபடி தட்டினேன். மறுபடியும் இடப்பக்கம்.

எனக்கு மாப்பிள்ளை வருவதற்கு முன்பே, எங்கள் கிணற்றைப் பாறையில் ஆழப்படுத்தியபோது, வேட்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று பெரியப்பா காதில் அடிபட்டுக்கொண்டார். வலது காது. கொஞ்ச நாள் பஞ்சு வைத்திருந்தார். ஆறிவிட்டது என்றார், நாங்களும் நம்பினோம். அதற்கு முன்னால் அவர் உட்கார்ந்தபோதெல்லாம் பல்லி சில சமயம் வலது சொன்னது, சில சமயம் இடது சொன்னது. வேட்டுக்குப் பிறகு இடது மட்டுமே சொல்கிறது. என்னைப் போல இன்னும் இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் அப்படித்தான் ஆனது. ஒற்றைக் காதில் கேட்கிறவருக்கு எந்தச் சத்தமும் அந்தக் காதுப் பக்கமிருந்துதான் வரும்.

ஆக, அன்று அவருக்கு இடப்பக்கம்தான் கேட்டது. அதில் பொய்யில்லை. காது போனதற்காகவும் நான் அவரைக் குறை சொல்லவில்லை. அதை மறைத்துக்கொண்டு கோயிலில் நடுவில் வந்து உட்கார்ந்தாரே, அதற்குத்தான் சொல்கிறேன். ஊனமிருந்தால் அந்த இடத்தை அடுத்த மூத்தவருக்கு விட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவருக்கு விட மனமில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "வாய மூடு சாமி, பெரியவங்க மானம் போயிரும்" என்றாள். என்னுடையது போனபோது யாரும் யார் வாயையும் மூடவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை என் தங்கைக்குப் பல்லி கேட்கப் போகிறார்கள். சேந்தமங்கலத்து மாப்பிள்ளை. அவளுக்கும் பிடித்திருக்கிறது. நடுவில் உட்காரப் போவது இவரேதான்.

பெரியப்பா, உட்காருவதற்கு முன்னால் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். நான் சொம்பைத் தட்டுகிறேன். எந்தப் பக்கம் என்று இரண்டு வீட்டார் முன்னாலும் சொல்லுங்கள். முடியாதென்றால், ஏன் முடியாதென்று அங்கேயே, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.