தகரத்துக்குக் கீழே ஒரு சாண் காற்று

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த கெங்கம்மாவின் வீட்டில், ஐம்பத்தொன்றாம் வருஷத்துக் கத்திரி வெயிலில், கோழிகள் அவித்த முட்டையாகவே இட்டன. சந்தேகப்பட்டவர்கள் எதிர்வீட்டுப் பிலோமியைக் கேட்டிருக்கலாம். உப்பும் மிளகும் எடுத்துவந்து உட்கார்ந்து தின்றவள் அவள். பூனை நிழல் தேடி அலுத்துப்போய், தன் வாலின் நிழலிலேயே தலையை வைத்துப் படுத்தது.

எல்லாம் அந்தத் தகரம் செய்த வேலை.

கெங்கம்மாவின் புருஷன் சுப்பராயன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ரயில் எஞ்சின் கக்கிய நெருப்புப் பொறி விழுந்து அவர்களுடைய கீற்றுக் கூரை கால் மணியில் சாம்பலாகிப் போனது. யுத்தம் முடிந்து பட்டாளத்துக் கொட்டகைகளைப் பிரித்து ஏலம் விட்ட சமயம் அது. சுப்பராயன் அலை அலையாக வளைந்த பதினாறு தகரங்களை வாங்கி, ராயபுரத்திலிருந்து கைவண்டியில் தானே இழுத்துவந்து மாட்டினான். அன்றைக்கு அவன் நடந்த நடையைப் பார்த்தால் யுத்தத்தை ஜெயித்தவனே அவன்தான் என்று தோன்றும்.

"மழைக்கு ஒழுவாது, நெருப்புக்கு அசையாது. மிலிட்டரி சாமான்மே!" என்றான்.

ஒழுகவில்லைதான். வெந்தது. கெங்கம்மா ஐந்து கோடையை வேப்பமரத்தடியிலேயே கழித்தாள். மாவாட்டுவது, மீன் ஆய்வது, சண்டை போடுவது எல்லாமே அங்கேதான். அதற்காக அவள் ஒருநாளும் முகம் சுளித்தவள் இல்லை. அந்த வருஷம்தான் தகரம் அவள் அடிவயிற்றிலேயே கை வைத்தது.

அவளுடைய ஒரே மகள் வரலட்சுமி வண்ணாரப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைச்சன் பிள்ளை, மாதம் எட்டு. சீமந்தம் முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். தட்டு நிறையப் பழமும் பூவுமாக ஜட்காவில் போய் இறங்கிய கெங்கம்மாவை, சம்பந்தி தாயாரம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"இன்னா சம்மந்தி, எம் பேரனப் பெத்து எடுக்கப் போறியா, வறுத்து எடுக்கப் போறியா? ஒன் வூட்ல போன வருசம் அரைமணி குந்தினேன். எம் மூக்குத்தி சுட்டு மூக்குல இன்னும் வடு கீது, பாரு!"

"அது கத்திரி வெயிலுக்கா..."

"புள்ள பொறக்கறதும் கத்திரி வெயில்லதான். கூரைய மாத்து. மூணு வாரம் தவண. நானே வந்து பாப்பேன். சரியில்லன்னா பிரசவம் இங்கதான்."

பின்னால் கதவோரம் வரலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் மட்டும், "எப்படியாவது கூட்டிக்கினு போயிடும்மா" என்றது. முதல் பேரப்பிள்ளைக்கு வேறொருத்தி வெந்நீர் ஊற்றுவதா? ஜட்கா திருவொற்றியூர் வருவதற்குள் கெங்கம்மா மனத்திலேயே தகரத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

ஆனால் சுப்பராயன் வழிமறித்தான். "தகரத்த எறக்கினா என்னியும் சேத்து எறக்கிடு."

செய்தி தெருவுக்குப் போனது. கீற்று முடைந்து விற்கிற பிலோமி, "கீத்தப் போடுக்கா, சில்லுனு இருக்கும்" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ரயில் கூவியது. உடனே குடத்துத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு தன் கூரையைக் காக்க ஓடினாள். மங்களூர் ஓடு என்றார் ஒருவர். நாட்டு ஓட்டை இரண்டு வரிசையாக அடுக்கினால் ஊட்டிதான் என்றார் இன்னொருவர். ஓட்டின் பாரத்தைத் தாங்கக் கைமரம் எல்லாம் புதிதாக வேண்டும். மூன்று வாரத்தில் நடக்குமா? ஆளுக்கு ஒரு நியாயம், ஒருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கெங்கம்மா துடைப்பத்தைத் தரையில் தட்டினாள். "பேச்சு போதும். பந்தயம் வெச்சிப் பாத்துடலாம்!"

ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்துக்கு அப்பால் கொதிக்கும் மணலில் நாலு தேயிலைப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றுக்குக் கீற்று, ஒன்றுக்கு மங்களூர் ஓடு, ஒன்றுக்கு நாட்டு ஓடு, ஒன்றுக்குத் தகரம். மீன் வண்டிகளுக்கு ஐஸ் ஏற்றுகிற அலி அக்பர், ராயபுரத்திலிருந்து ஒரு பாளம் கொண்டுவந்தார். நாலு துண்டாக அறுத்து, தராசில் நிறுத்தே காட்டினார்.

"அக்கா, பாத்துக்க. நாலும் ஒரே எடை. அப்பால பாய் ஏமாத்திட்டான்னு பேஜாரு பண்ணக் கூடாது."

பன்னிரண்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. நாலு துண்டும் நாலு தட்டில் உள்ளே போயின. அடுத்த சங்கு ஒரு மணிக்கு. அதுவரை திறக்கக் கூடாது. தெரு மொத்தமும் கூடிவிட்டது. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "கீத்து! கீத்து!" என்று ஒரு கூட்டம், "ஓடு! ஓடு!" என்று ஒரு கூட்டம். கூச்சலைக் கேட்டுக் கடலில் இருந்த கட்டுமரக்காரர்கள், யாரோ மூழ்குகிறார்கள் என்று எண்ணிக் கரைக்குத் திரும்பிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தகரத்துக்குக் கத்த ஒரே ஆள்தான். அவனும் கத்தவில்லை, மீசையைத் தடவிக்கொண்டு நின்றான்.

அதுதான் கெங்கம்மாவுக்கு உறுத்தியது.

சங்கு ஊதியது. நாட்டு ஓட்டுப் பெட்டியில் எலுமிச்சம்பழம் அளவு ஐஸ். மங்களூர் ஓட்டில் கோலிக்குண்டு. கீற்றில் ஒரு கொய்யாப்பழம். பிலோமி குலவையிட வாயைக் குவித்தாள். அலி அக்பர் தகரப் பெட்டிக்குள் கையை விட்டார், விட்டவர் திகைத்துப்போனார்.

"யா அல்லா! மாங்கா சைஸ்ல கீது!"

கூட்டம் ஆரவாரத்தில் வெடித்தது. சுப்பராயன் துண்டைச் சுழற்றி ஆடத் தொடங்கினான். "மிலிட்டரிடா! மிலிட்டரி!"

கெங்கம்மா ஆடவில்லை, அழவில்லை. நேரே போய்த் தகரத்தை முந்தானையால் பிடித்துத் தூக்கினாள். அதற்குக் கீழே இரண்டு மரச்சட்டம். சட்டத்துக்குக் கீழே கச்சிதமாக வெட்டிய மூங்கில் பாய். தகரத்துக்கும் பாய்க்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி.

"இன்னாயா இது?"

சுப்பராயனின் துண்டு பாதிச் சுழற்சியில் நின்றது. "அது... கப்பல்ல அரிசி ஏத்தும்போது செய்யறதுதான். இரும்புச் செவுரு காயும்ல? மூட்ட அதுல ஒட்டினா அரிசி கெட்டுப்பூடும். அதுக்குக் கட்டய வெச்சி, பாயப் போட்டு, அப்பால மூட்டய அடுக்குவோம். நீ ஐஸு பாக்கப் போனியா, நான் சும்மா..."

"எத்தினி வருசமா அடுக்கற?"

"இருவது வருசமா."

"இருவது வருசமா அரிசி மூட்டைக்குப் பாய் போட்டு சில்லுனு வெச்சிகினு, பொண்டாட்டிய வெறுந்தகரத்துக்குக் கீழ வேக வெச்சியா? அரிசிக்கு இருக்கற மருவாத எனக்கு இல்லியாய்யா?"

தெரு சிரித்த சிரிப்பில் பிலோமியின் கூரையிலிருந்து நாலு கீற்று நழுவியது. திருட்டு அகப்பட்ட வெட்கத்தில் சுப்பராயன் மணலைக் கிளறினான். ஆனால் கெங்கம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. தகரத்தைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், நடுவில் இருந்த வெறும் இடத்தில் கையை விட்டு விட்டு எடுத்தாள்.

"யோவ்! தகரம் மேலயே கெடக்கட்டும்யா! பொறி விழுந்தா அது தாங்கிக்கும். கீழ ஒரு சாண் எடம் வுட்டுக் கீத்தக் கட்டு. ரெண்டு பக்கத்துச் செவுத்து முக்கோணத்தயும் தொறந்து வுடு, காத்து பூந்து அனல இழுத்துகினு போவட்டும்!"

மறுநாளே வேலை தொடங்கியது. பிலோமி முடைந்தாள், சுப்பராயன் கப்பல் முடிச்சுப் போட்டுக் கட்டினான், கெங்கம்மா கீழே நின்று சாண் போட்டு அளந்தாள். விரல்கடை குறைந்தாலும் அவிழ்க்கச் சொன்னாள். மேலே தகரத்துக்குச் சுண்ணாம்பை இரண்டு கை அடித்தார்கள். அது பளீரென்று மின்னியதில் எண்ணூர்ப் பக்கம் போன படகுகள் பட்டப்பகலில் கலங்கரை விளக்கம் என்று எண்ணி வழி மாறினவாம்.

தவணை முடிந்த நாள், சரியாக உச்சிவேளையில் தாயாரம்மா வந்து இறங்கினாள். வேண்டுமென்றே அந்த நேரம். மூக்குத்தியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டுதான் உள்ளே நுழைந்தாள். அண்ணாந்து பார்த்தாள். சுவரைத் தொட்டாள். தரையைத் தொட்டாள். "தகரம் அப்பிடியேதான் கீது" என்று குற்றம் சொல்லிக்கொண்டே, சுவரோரம் விரித்திருந்த பாயில் உட்கார்ந்தாள். கெங்கம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சம்மந்தி, நான் இன்னா சொல்றேன்னா..." என்று ஆரம்பித்த தாயாரம்மா சொல்லவில்லை. தலை சுவரில் சாய்ந்தது. அடுத்து வந்தது ஒரு குறட்டை. அப்புறம் ரயில் போனது; குறட்டை ரயிலை ஜெயித்தது.

கெங்கம்மாவும் சுப்பராயனும் வாசலில் கைகோத்துக்கொண்டு நின்றார்கள். மூச்சு விடவும் பயம். கோழி கொக்கரிக்க வாயைத் திறந்தபோது பிலோமி பாய்ந்து அதன் அலகைப் பொத்தினாள்.

நாலரை மணிக்குத் தாயாரம்மா விழித்துக்கொண்டாள். சோம்பல் முறித்தாள். மோரைக் குடித்தாள். முந்தானையை அவிழ்த்து மூக்குத்தியை மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு நல்ல நாளு. வரலட்சுமிய அனுப்பறேன்."

கெங்கம்மாவின் வாயிலிருந்து கிளம்பிய குலவை தேரடி வரை கேட்டது. அது அடங்கும் வரை காத்திருந்த தாயாரம்மா, அந்தப் பாயையே கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கூட நானும் வரேன். மழ வர்ற வரைக்கும் இங்கதான். எனக்கு இந்த எடம் போதும்."