கல்லில் இருந்த சொல்லும் மூடி வைத்த சோறும்

என் மகள் வெளிநாட்டில் படிப்பது இப்போது யாரும் பேசாத ஒரு பாஷை. லூவியம் என்று பெயர். துருக்கிப் பக்கம் மூவாயிரம் வருசத்துக்கு முன்னால் பேசினார்களாம். எழுத்தெல்லாம் கல்லில் வெட்டிய படங்கள்: கை, கால், மாட்டுத் தலை. பள்ளிக்கூடம் போகாத எனக்கு அது பிடித்துப்போயிற்று. மாட்டுத் தலையை நானும் வாசிப்பேன்.

ஒரு மத்தியானம் போன் எடுத்துச் சொன்னாள். உடைந்த கல் ஒன்றில், தாய் ஒருத்தி மகனுக்காக நாள்தோறும் ரொட்டியை என்னவோ செய்கிறாள். அந்தச் சொல் வேறெங்கும் இல்லையாம். ‘படைக்கிறாள்’ என்கிறார்கள் படித்தவர்கள். அப்படியென்றால் மகன் செத்தவன். மகளுக்கு மனம் ஒப்பவில்லை.

நான் அடுக்களையைப் பார்த்தேன். நீலக்கரை போட்ட பீங்கான் சோற்றுக் கோப்பை மூடியிருந்தது. புளியந்தீவில் வாங்கியது, மூன்று வாங்கி இரண்டு உடைந்துவிட்டன. அது மூத்தவனுடையது. சண்டைக் காலத்தில், வாவியில் வலை இழுத்துவிட்டுக் கரையேறியவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து சோறு வடித்ததும் முதல் அகப்பை அவன் கோப்பைக்குத்தான். பின்னேரம் அந்தச் சோற்றை என் மனைவியே தின்பாள். யாரையும் தொட விடமாட்டாள். செத்தவர்களுக்குப் படைத்த சோற்றைத்தான் வீட்டார் பகிர்ந்து தின்பது. திவசம் கொடுக்கச் சொன்ன என் அக்காவோடு அவள் இன்றுவரை கதைப்பதில்லை.

“எடுத்து வைக்கிறா எண்டு எழுது மனே,” என்றேன் மகளிடம். “ஆறிப்போகாம மூடியும் வைச்சிருப்பா.”

மகள் அப்படியே எழுதினாள். தன் தாய்க்கும் சொன்னாள். அதற்குப் பிறகு போன் வரும்போதெல்லாம் மனைவி கேட்பது ஒன்றுதான்: அந்தக் கல்லுப் பொடியன் வந்துவிட்டானா?

போன மாதம் கல்லின் மற்றப் பாதி கிடைத்தது. அதே சொல், செத்துப்போன தகப்பனுக்கும் பாட்டனுக்கும் சேர்த்து வெட்டியிருந்ததாம்.

“பிழை விட்டிட்டன் அப்பா. படைச்சுத்தான் இருக்கிறா.” அழுதாள். “அம்மாக்குச் சொல்லாதீங்க.”

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. “மகளா? அவன் வந்திட்டானாமா?”

“இன்னும் இல்லையாம்,” என்றேன்.

அன்று பின்னேரம் மனைவி கோப்பையைத் திறந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எனக்கும் கொஞ்சம் தா.”

அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். குழம்பு ஊறிய பக்கமாகப் பார்த்து ஒரு பிடி எடுத்து என் கையில் வைத்தாள்.