மேட்டுச் செடி சதுப்புக்கு ஏன் வந்தது?

போன வாரம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். இதில் செய்தி ஒன்றும் இல்லை... அந்த கேட்டில் மாட்டாதவர் யார்? செய்தி, பின் சீட்டில் கலைச்செல்வியின் மடியில் இருந்தது. மாவுக்கட்டு போட்ட ஒரு கல்!

கலைச்செல்வி தஞ்சாவூரில் எங்கள் தெருவில் குடியிருப்பவர். கல்லாகிப்போன பழங்காலச் செடிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார். சொந்த ஊர் கொரடாச்சேரி பக்கம். அங்கே அவருடைய அண்ணன் சேகர் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள், நானும் போயிருந்தேன். திரும்பும்போது சேகரின் காரிலேயே மூவரும் தஞ்சாவூருக்குக் கிளம்பினோம் — ஊர் வீட்டில் அவர் பத்திரப்படுத்தியிருந்த அந்தக் கல்லை அறுக்க.

"விசேஷ வீட்லேர்ந்து எல்லாரும் பலகாரம் கட்டிக்கிட்டுப் போவாங்க. எங்க டாக்டரம்மா கல்லக் கட்டிக்கிட்டு வருது பாருங்க சார்" என்றார் சேகர்.

"டாக்டர் ஆவறதே இந்தக் கல்லு கையிலதாண்ணே இருக்கு."

மிகையில்லை. வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் அவர் எடுத்து வந்த கல் அது. டைனோசர்களுக்கும் முந்தைய ஒரு சதுப்புக்காட்டின் சேறு, இறுகிக் கல்லாகியிருக்கிறது. அதன்மேல் ஒரு சிறு கிளையின் அச்சு. ஆனால் அது சதுப்பில் வளரும் செடியே இல்லை. காய்ந்த மேட்டுநிலத்துச் செடி. மேட்டுச் செடிக்குப் பள்ளத்தில் என்ன வேலை?

மழை குறைந்து சதுப்பு வற்றியபோது, மேட்டுச் செடிகள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்து குடியேறின என்பது கலைச்செல்வியின் வாதம். ஆய்வேட்டின் உயிரே அந்த அத்தியாயம்தான். படித்துப் பார்த்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட கிளையாக ஏன் இருக்கக் கூடாது?

யோசித்துப் பாருங்கள். அங்கேயே முளைத்தது என்றால், அது வறட்சிக்குச் சாட்சி. அடித்து வரப்பட்டது என்றால், வெள்ளத்துக்குச் சாட்சி. ஒரே கிளை!

"வெள்ளந்தான். ஆத்துல வராதது என்ன இருக்கு?" என்று தீர்ப்புச் சொன்னார் சேகர்.

டெல்டாக்காரர் எவரும் யோசிக்காமல் சொல்லும் தீர்ப்பு இது. நம் காலடி மண்ணே காவிரி கொண்டுவந்ததுதானே... புத்தி வேறெப்படி ஓடும்?

"ஏண்ணே, போன கோடையில நம்ம நெல்லு வயல்ல பருத்தி நின்னுச்சே, அது ஆத்துலயா மெதந்து வந்துச்சு?"

"அது தண்ணி பத்தாதுன்னு நான் போட்டது."

"அங்க போடறதுக்கு நீ இல்ல. காத்து வெதையக் கொண்டாந்து போட்டுச்சு. தண்ணி பத்தாததுதான் ரெண்டுக்கும் காரணம்."

கேட் திறந்தது. சேகர் கியர் போட்டார்.

மேட்டில் வாழ்ந்து மடியும் செடியை மூட அங்கே சேறு கிடையாது. காய்ந்து, உதிர்ந்து, தடமில்லாமல் போய்விடும். சதுப்புக்கு வந்து சேர்ந்தவை மட்டுமே கல்லில் பதிகின்றன. அதனால்தான், வந்த விதம் இவ்வளவு முக்கியம்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? கல்லைக் குறுக்கே அறுத்தால், கிளைக்கு அடியில் உள்ள அடுக்குகள் தெரியும். அவற்றைத் துளைத்து வேர் இறங்கியிருந்தால் அங்கே செடி முளைத்திருக்கிறது. ஆனால் கல் பொடியக்கூடியது. வேறு கல்லும் கிடையாது. அதை எடுத்த இடத்தையே சுரங்கம் வெட்டி முடித்துவிட்டது. "இரண்டுக்கும் வாய்ப்புண்டு என்று எழுதிவிட்டுப் பட்டத்தை வாங்கும்மா" என்பது வழிகாட்டிப் பேராசிரியரின் யோசனை. கலைச்செல்வி கேட்கவில்லை. கல் சிதறாமலிருக்க மாவுக்கட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

தஞ்சாவூர் புறவழிச் சாலையில் ஒரு கிரானைட் பட்டறை. மெஷின்காரர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அடுப்பு மேடைக்கு ஆவாதேம்மா?"

"மேடைக்கு இல்லண்ணே, மேட்டுக்கு" என்றார் சேகர். யாரும் சிரிக்கவில்லை.

பிளேடு இறங்கியது. கலைச்செல்வி கண்ணை மூடவில்லை. பாதி வழியில் சத்தம் மாறியது... மேல் பகுதி பொலபொலவென்று உதிர்ந்தது. கிளையின் அச்சு போயே போய்விட்டது. சேகர், "ஐயோ தங்கச்சி" என்றார்.

கலைச்செல்வி உதிர்ந்ததைப் பார்க்கவே இல்லை. மிச்சமிருந்த அடிப்பகுதியை ஈரத்துணியால் துடைத்து, லென்ஸை வைத்தார். நானும் குனிந்து பார்த்தேன். சாம்பல் நிற அடுக்குகளை ஊடுருவிக் கறுப்பாய் ஓர் இழை. கீழே போகப்போக மெலிந்து, கிளைவிட்டு...

வேர்!

"ஜெயிச்சிட்ட!" என்று கத்தினார் சேகர்.

"இல்லண்ணே. வேர் இருக்கு, இங்க ஏதோ ஒரு செடி மொளைச்சிருக்கு. கிளைக்கும் வேருக்கும் நடுவுல இருந்தது உதிர்ந்துடுச்சு, அதனால இது இந்தச் செடியோட வேருதான்னு சொல்ல முடியாது. அத அப்படியே எழுதப் போறேன்."

"முழுக் கல்லையும் பலி குடுத்து, பாதி பதிலா?"

"பாதிதான். ஆனா அந்தப் பாதிய இனிமே யாரும் அசைக்க முடியாதுல்ல?"

முழு உண்மை என்ற பெயரில் பத்திரிகை ஆபீசில் என் மேஜைக்கு வந்துபோன பல செய்திகள், இந்தப் பாதி அளவுகூடத் தேறியதில்லை.