மூன்றாம் பந்து

ராஜபாளையத்தில் பூப்பந்து ஆடத் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. பந்தைப் பார்க்கத் தெரிந்தவர் பால்சாமி ஒருவர்தான். பஞ்சாலையில் நூல் பார்த்துப் பழகிய கை. புது மஞ்சள் கம்பளிப் பந்தை அப்படியே களத்தில் இறக்கமாட்டார். உள்ளங்கையில் உருட்டி, தொங்கும் இழைகளைக் கத்தரித்து, சின்னத் தராசில் நிறுத்து, தகர டப்பாவில் ஐந்து பந்துகளை வரிசையாக அடுக்குவார். அடிபட அடிபடக் கம்பளி தளர்ந்து பந்து ஊதிவிடும். அதனால் ஆறு புள்ளிக்கு ஒரு பந்து. ஐந்தும் முடிந்தால் மறுபடி முதல் பந்து. அந்த வரிசையில் நடுவர்கூடத் தலையிடமாட்டார்.

1987இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறுதி ஆட்டம். பந்துக்கு அங்கேயும் பால்சாமிதான். எங்கள் அணியில் பால்சாமியின் தம்பி சமுத்திரம் இருந்தான். ஜெயித்தால் அவனுக்கு மில் வேலை என்று ஒரு முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். இழை கத்தரிக்க அண்ணனோடு உட்கார்ந்தவன் அவன். மூன்றாம் பந்து கல் மாதிரி இறுக்கம், ஓங்கி அடிக்கிற தன் கைக்குத் தோதானது என்று அவனுக்குத் தெரியும்.

இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று. டப்பாவின் இரண்டாம் சுற்றில் மூன்றாம் பந்து வரவேண்டிய நேரம். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏலே, தம்பிக்குன்னே ஒரு பந்து வச்சிருப்பாரு, பாருங்க!"

பால்சாமியின் கை நின்றது. மூன்றாம் பந்தை மடியில் செருகிக்கொண்டு, ஊதிப்போன நாலாவதை வீசினார். மாற்று ஆட்டக்காரனாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. ஊர் வாய்க்கு இவ்வளவு பயப்படுகிற மனுஷன் அந்த டப்பாவையே தொட்டிருக்கக் கூடாது.

சமுத்திரம் பந்தை அமுக்கிப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். அவர் குனிந்துகொண்டார். அந்த ஆறு புள்ளியும் எதிரணிக்குப் போயின. பிறகு நாங்கள் எழவேயில்லை.

வேலை கிடைக்கவில்லை. சமுத்திரம் கூமாப்பட்டிக்குத் தேங்காய் பறிக்கப் போனான். பொங்கலுக்கு வருவான், அண்ணனோடு சாப்பிடுவான், ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டான். ஆறு வருஷம் கழித்து மரத்திலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் பால்சாமியோடு நானும் போனேன்.

"அண்ணே, அன்னைக்கு மூணாம் பந்து எங்க போச்சு?"

பால்சாமி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"டப்பாவுல காணலைலே. எங்கியோ தவறிப்போச்சு" என்றார் பால்சாமி.

சமுத்திரத்தின் முகம் தெளிந்தது. "அப்படியா? நீ வேணும்னே குடுக்கலைன்னுல்ல இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். மன்னிச்சுக்கண்ணே."

மறுநாள் விடியுமுன் செத்துப்போனான். பால்சாமி அதற்குப் பிறகு பந்து பார்க்க வரவில்லை.