பலகாரம் வந்த வண்டி

முறுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு எங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிற ஆளை நான் இதுவரை கண்டதில்லை. முறுக்கு எந்த வண்டியில் வந்து இறங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள். கடித்துப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு. கல்யாணச் சீருக்குப் பலகாரம் செய்து கொடுக்கிற தொழிலில் பதினைந்து வருடமாக அடுப்பு முன்னால் வெந்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

எங்கள் பக்கத்தில் சீர்ப் பலகாரம் என்பது டப்பாவில் அடைத்து மண்டபத்துப் பின்வாசல் வழியாக உள்ளே தள்ளுகிற சாமான் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டி முன்வாசலுக்கே வர வேண்டும். மேளக்காரர்கள் எதிரே வந்து நிற்பார்கள். பெண்வீட்டுச் சுமங்கலிகள் வரிசையாக வந்து, வண்டியிலிருந்தே ஆளுக்கொரு பனையோலைப் பெட்டியை வாங்கித் தாம்பாளத்தில் வைத்து உள்ளே கொண்டுபோவார்கள். முறுக்கு, அதிரசம், லட்டு, முந்திரிக்கொத்து என்று பெட்டி பெட்டியாகப் போகும். மாப்பிள்ளை வீட்டார் படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆக, பலகாரத்துக்கு முன்னால் அத்தனை பேர் கண்ணிலும் படுவது வண்டிதான்.

எங்களுக்கு ரொம்ப நாள் வாடகை லோடு ஆட்டோதான். ஒருமுறை அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன ஆட்டோ அதற்கு முந்தின நடையில் கோழித்தீவனம் ஏற்றியிருந்தது. கழுவித்தான் கொண்டுவந்தான், ஆனாலும் வாடை போகவில்லை. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சீர் வந்திருக்கிறதா கோழிக்குத் தீனி வந்திருக்கிறதா என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். பெண்ணின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. இளைய மகள் கல்யாணத்துக்கு வேறு ஆளிடம் கொடுத்தார், அவ்வளவுதான். அன்றைக்கு என் அதிரசம் வாயில் வைத்தால் கரைந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் சொந்த வண்டி என்று அலைய ஆரம்பித்தார். மூன்று மாதம் கழித்து நாகர்கோவில் பக்கம் ஒரு தரகரிடமிருந்து ஒரு பழைய வெள்ளை ஆம்னி வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டி நன்றாக இருந்தது. விலைதான் அதைவிட நன்றாக இருந்தது. மலிவாக எது வந்தாலும் அதற்கு ஒரு கதை இருக்கும் என்று தெரிந்த எனக்கு, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் கேட்டேன். மூன்றாம் நாள் சொன்னார். கொரோனாக் காலத்தில் பெரியாஸ்பத்திரி வாசலில் நின்ற தனியார் ஆம்புலன்ஸ். எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததோ, எத்தனை பேரை அங்கிருந்து ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனதோ, கணக்கு யாரிடமும் இல்லை.

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல எத்தனை பேரு செத்திருப்பான்? பிள்ளை பெறதுக்கும் அதே கட்டிலுக்குத்தான போறோம்" என்றார்.

"அந்தக் கட்டிலைக் கொண்டாந்து கல்யாண மண்டபத்து வாசல்ல நிறுத்துதது இல்லையே" என்றேன்.

வாயில் பதில் வைத்திருந்தேனே தவிர, வண்டியைத் திருப்பிக் கொடு என்று சொல்லவில்லை. கோழித்தீவனம் என் கண் முன்னால் இருந்தது. இதை இன்றைக்கு எழுதும்போது, நானும் சேர்ந்து செய்த காரியம்தான் அது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி உள்ளும் புறமும் கழுவினோம். மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பூசணிக்காய் உடைத்தோம். அப்புறம் மாம்பழ மஞ்சளில் பெயின்ட் அடித்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்குப் படம் ஒட்டினோம். வெளியில் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று பேசிக்கொண்டோம்.

வண்டி வந்த பிறகு எங்கள் மரியாதையே மாறிப்போனது. வாசல் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துப் பேசி அனுப்பிய வீடுகளில் நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார்கள். சொந்த வண்டி வைத்திருக்கிறார்கள், நேரத்துக்கு வந்துவிடுவார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதே கை, அதே மாவு, அதே எண்ணெய். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

அப்படித்தான் ஒருநாள் ஒருத்தி எங்கள் வீடு தேடி வந்தாள். ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. கணவன் இல்லை. ஒரே மகள். மாப்பிள்ளை வீடு விக்கிரமசிங்கபுரத்தில், மில்லில் வேலை பார்த்த குடும்பம். என்னைவிட நாலைந்து வயது இளையவளாக இருப்பாள். பலகாரத்தின் ருசியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. வண்டியில்தானே வரும் என்று இரண்டு தடவை கேட்டாள். வாசலில் நின்ற மஞ்சள் வண்டியின் பக்கவாட்டுக் குத்துவிளக்குப் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு அவள் முகம் தெளிந்தது.

"அப்பா இல்லாத பிள்ளைன்னு ஒரு சொல்லு வந்துரக் கூடாதுக்கா. சீரு பாக்க நெறவா இருக்கணும்" என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சொன்ன நேரத்துக்கு மண்டபத்து வாசலில் போய் நின்றோம். மேளம் வந்தது. பெண்ணின் அத்தைகளும் சித்திகளும் வரிசையாக வந்து பெட்டிகளை வாங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் படியில் நின்று பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. அவள் மட்டும் அந்த வரிசையில் இல்லை. கணவனை இழந்தவள் சீருக்கு எதிரே வரக்கூடாதாம். பெற்றவள், ராத்திரி பகலாக ஜவுளிக்கடையில் நின்று அந்தச் சீரைச் சேர்த்தவள், மதில் ஓரமாக ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் இறக்கி முடிந்ததும் என் வீட்டுக்காரர் வண்டியைப் பின்னால் எடுத்து அந்த மதில் ஓரத்திலேயே நிறுத்திவிட்டுக் கையெழுத்து வாங்க உள்ளே போனார். நான் ஓலைப் பெட்டிகளை வைத்துக் கொண்டுவந்த காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் மெல்ல வந்து வண்டிக்குப் பின்னால் நின்றாள். பெட்டி ஏதாவது விட்டுப்போயிற்றா என்று பார்க்கிறாள் என நினைத்தேன். அவள் நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது முன்ன வெள்ளையாத்தான இருந்துச்சு" என்றாள்.

பழைய வண்டிதான், யாரிடம் இருந்ததோ தெரியாது என்று ஏதோ உளற ஆரம்பித்தேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"ஆஸ்பத்திரியில இருந்து ஆத்தங்கரை வரைக்கும் எங்க கொழுந்தன் பைக்குல இதுக்குப் பின்னாலதான் போனேன்க்கா. பக்கத்துல விடல. அவுக மொகத்தையும் காட்டல. இந்த நம்பரை மட்டும்தான் பாத்துக்கிட்டே போனேன்."

வண்டிக்குப் பெயின்ட் அடித்தோம், ஆற்றுத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். நம்பரை என்ன செய்ய முடியும்? அவள் கத்தப் போகிறாள், மகள் கல்யாணத்துக்குப் பிணவண்டியில் சீர் கொண்டுவந்தாயா என்று என் தலைமுடியைப் பிடிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். பிடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் மண்டபத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அவள் குரல் இன்னும் இறங்கியது.

"அங்கன யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா. பிள்ளை கல்யாணம் நல்லபடியா முடியட்டும்."

காலில் விழ வேண்டியவள் நான். அவள் என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் வண்டிக்குள்ளே இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். காலிப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு வண்டியின் தரையில் காலை மடக்கி உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். உள்ளே அழுதாளா, பேசினாளா, சும்மா இருந்தாளா, எனக்குத் தெரியாது. மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய நாத்தனார்க்காரி தேடி வந்தாள், குளியலறைக்குப் போயிருப்பாங்க என்று பொய் சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவள் உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள். இறங்கி, முகத்தைத் துடைத்து, சேலை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக மண்டபத்துக்குள் போனாள்.

அந்தக் கல்யாணத்தில் எங்களுக்கு நல்ல பேர். மாப்பிள்ளையின் பெரியம்மா என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, வண்டியும் பார்க்க மங்களகரமாக இருக்கிறது என்றார்.

அதோடு எனக்கு அந்த வண்டியில் நிம்மதியாக ஏற முடியாமல் போயிற்று. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டே எத்தனை பேர் பைக்கில் பின்னால் போயிருப்பார்கள்? ஒவ்வொரு மண்டபத்திலும் பலகாரத்தை விட்டுவிட்டு, யார் வண்டிக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விற்றுவிடுங்கள் என்று வீட்டுக்காரரை நச்சரித்தேன். கதையைச் சொல்லி விற்றால் வாங்க ஆளில்லை. சொல்லாமல் விற்க எனக்கு மனசில்லை, ஒருமுறை செய்த பாவம் போதும் என்றேன். கடைசியில் பழைய இரும்புக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். கடன் வாங்கிப் புதிதாக ஒரு பெரிய வெள்ளை வண்டி வாங்கினோம். வீட்டுக்காரர் அதைத் தினமும் இரண்டு வேளை துடைத்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

அவளிடமிருந்து போன் வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. மகளுக்கு ஏழாம் மாதம், விக்கிரமசிங்கபுரத்தில் மாப்பிள்ளை வீட்டில் வைத்து வளைகாப்பு. ஏழு வகைப் பலகாரம் கேட்டாள். எண்ணிக்கை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு போனை வைக்காமல் இருந்தாள்.

"அந்த வண்டிதானக்கா வரும்?"

அவளே மேலே பேசினாள்.

"அவுக மகளுக்கு வளைகாப்புல்லா. கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்துட்டுப் போவாகன்னு நெனச்சேன். கிறுக்குத்தனமாத்தான் இருக்கும், தப்பா எடுத்துக்கிடாதீங்க."

வரும் என்று சொன்னேன். இல்லை, வித்தாச்சு என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். அந்த இரண்டு வார்த்தை என் வாயில் வரவில்லை. இரக்கம் என்று நான் சொல்லிக்கொண்டால் அது சுத்தப் பொய், அது கோழைத்தனம்தான். போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இரும்புக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். வண்டியை வெட்டி ஒரு மாதமாகிவிட்டதாம், இன்ஜின் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம் போய்விட்டதாம். நம்பர் இருக்கிற பின்கதவாவது கிடைக்குமா என்று கேளுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நானும் எனக்குள் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று மூன்று தடவை அவளுக்குப் போன் போட்டேன். முதல் தடவை லட்டில் முந்திரிப்பருப்பு அதிகம் போடவா என்று கேட்டேன். இரண்டாம் தடவை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன். மூன்றாம் தடவை அவள் ஹலோ என்றதும் வைத்துவிட்டேன்.

வளைகாப்பு அன்று காலை சேரன்மகாதேவி வழியாகப் போனோம். வழியெல்லாம் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் வேனில் வந்து மாப்பிள்ளை வீட்டில் இறங்கியிருந்தார்கள். அவள் மட்டும் தெருமுனையில் நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கல்யாணத்தன்றுகூட வைக்காத பொட்டு ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக, நெற்றியில் இருந்தது.

எங்கள் வண்டி திரும்பியபோது அவள் வழிவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள். வேறு யாருடைய வண்டியோ என்று நினைத்துவிட்டாள். நாங்கள் கடந்துபோன பிறகும் நாங்கள் வந்த பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். என்னைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். நான் சொல்லிவைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அக்கா, அது வந்து, என்று அவளையே அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் பக்கத்தில் வந்தாள். வண்டியை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். எங்களிடம் பலகாரம் வாங்குகிற எல்லாரும் பார்க்கிற மாதிரியேதான் பார்த்தாள்.

"பெரிய வண்டியா வாங்கிட்டீங்க போல. நல்லாருக்குக்கா" என்றாள். "மாப்பிள்ளை வீட்டாளுக வாசல்ல நிக்காங்க, பையப் பைய எறக்கச் சொல்லுங்க."