மூக்கில்லாமல் சுட்ட கிழங்குப் பை

வெர்னெல் டட் அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில் முப்பது வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மழைச் சேற்றில் சக்கரம் புதைந்த நாளில்கூட அவள் வண்டிப் பிள்ளைகளுக்கு முதல் மணி தவறியதில்லை. ஆனால் ஊரில் அவள் பேர் எடுத்தது வண்டியால் அல்ல. நவம்பரில், நன்றி செலுத்தும் நாளுக்கு முந்தின ஞாயிறு, தேவாலயச் சபை விருந்துக்கு அவள் சுட்டு எடுத்துவரும் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் ‘பை’யால்; மாவு ஓட்டுக்குள் கிழங்கு விழுதை நிரப்பிச் சுடும் இனிப்பு அது. அந்தத் தட்டில் ஒரு துணுக்குகூட மிஞ்சி யாரும் பார்த்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு பிப்ரவரி விடியலில், உறைபனி படிந்த பேருந்துப் படியில் வழுக்கிப் பின்மண்டை அடிபட விழுந்தாள். தையல் ஆறியது. வாசனை மட்டும் திரும்பவில்லை. இனிப்பு என்று நாக்கு சொல்லும். எதன் இனிப்பு என்று சொல்லாது. காப்பி வெறும் கசப்பு வெந்நீர் ஆனது. "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். கணவன் ராஸ்கோவைத் தவிர யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

நவம்பர் வந்ததும் வெள்ளோட்டமாக ஒரு பை சுட்டுப் பார்த்தாள். கிழங்கைத் தோலோடு ஓவனில் வைத்து, தோல் வெடித்துப் பாகு கசிந்து கருகும்வரை விட்டாள். அதற்குக் கண் போதும். குளிர்ந்த பன்றிக் கொழுப்பை மாவில் உதிர்த்துப் பிசைந்தாள். அது விரலுக்குத் தெரிந்த வேலை. கிழங்கைக் கடையும்போது மத்தில் சுற்றிய நாரையெல்லாம் உருவி எறிந்தாள். ஜாதிக்காய், பட்டை, வெனிலா என்று வந்தபோதுதான் கை நின்றுவிட்டது. எதையும் அவள் அளந்து போட்டதே இல்லை. அளவு சொன்னது எப்போதும் மூக்குதான்.

ராஸ்கோ ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "பிரமாதம், கண்ணு" என்றான்.

"போன வாரம் கருகின ரொட்டிக்கும் இதத்தானே சொன்ன?"

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

வெர்னெல் இன்னொரு துண்டைத் தாளில் சுற்றிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த யூலா வீட்டுக்கு நடந்தாள். யூலா ராஸ்கோவின் தங்கை. அவளும் வருஷா வருஷம் கிழங்குப் பை சுடுகிறவள்; அவள் தட்டில் மட்டும் எப்போதும் பாதி மிஞ்சும். அண்ணியின் பலகாரத்தை அவள் ஒரு நாளும் வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை.

"என்ன அண்ணி, வழி தவறி வந்துட்டீங்களா?"

"யூலா, எனக்கு வாசனையே தெரியல. பிப்ரவரில விழுந்ததுலேருந்து. இதத் தின்னுட்டு உள்ளதச் சொல்லு. என் மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொல்ல இந்த ஊர்ல உன்ன விட்டா ஆளில்ல."

யூலா தாளைப் பிரித்தாள். பிறகு ஒரு வாய் கடித்தாள்.

"சோப்பத் தின்ன மாதிரி இருக்கு. ஜாதிக்காய யாராச்சும் இப்படிக் கொட்டுவாங்களா?"

வெர்னெல்லுக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

சனிக்கிழமை யூலா தன் சொந்தக் கரண்டியோடு வந்து வெர்னெல்லின் அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்சம். போதும், போதும்! வெனிலாவுல ஏன் கஞ்சத்தனம்? அப்படியே எலுமிச்சத் தோலும் சீவிப் போடுங்க."

"அது உன் பையில போடு. அதான் பாதி மிஞ்சுதே."

"நாக்கு என்னுது அண்ணி, மறந்துடாதீங்க."

"அடுப்பு என்னுது."

எலுமிச்சை விழவில்லை. நடுப்பகுதி இன்னும் லேசாகத் தளதளக்கும்போதே வெர்னெல் ஆறு பைகளையும் வெளியே எடுத்துவிட்டாள்.

மறுநாள் விருந்தில், வான்கோழியை அறுத்து முடிப்பதற்குள் ஆறு தட்டும் காலி. சபை மூப்பர் விரலை நக்கிக்கொண்டே, "சகோதரி, உங்க கைமணம் அப்படியே இருக்கு" என்றார்.

யூலா யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை. தட்டைப் பார்த்தபடி குனிந்திருந்தாள். வெர்னெல் ஒரு சிரிப்போடு விட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"கை என்னுது, ஐயா. மணம் யூலாவோடது" என்றாள் எல்லாருக்கும் கேட்க. "என் மூக்கு செத்து ஒம்பது மாசம் ஆச்சு."

எல்லாரும் யூலாவைப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எலுமிச்ச போட விட்டிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்" என்றாள். சிரிப்பு ஓய வெகு நேரம் ஆனது.

வாசனை இன்றுவரை வரவில்லை. போன நவம்பரில் பக்கத்து ஊர்ச் சபையும் கேட்டு, ஆறு பை ஒன்பதாயிற்று. ராஸ்கோவின் வண்டியை வெர்னெல் ஓட்ட, மடியில் இரண்டு தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்த யூலா, வழி நெடுக அவள் ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள்.